பத்துமலைக்கு வழி தெரியும், பாட்டியின் கோயிலுக்கு?



தொலைக்காட்சி அரங்கத்தில் அன்று எடுத்துக்கொண்ட தலைப்பு, 'பள்ளி விடுமுறையில் நம் குடும்பங்கள் எங்கே போகின்றன?' என்பது. ஒரு தரப்பினர் ஆலயங்களுக்கே என்றனர். மறுதரப்பினர் மலை, அருவி, கடல் என்றனர். நிகழ்ச்சியை நடத்துபவர் என்ற முறையில் இரு தரப்பையும் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடியும் தறுவாயில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு மாணவி ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"அக்கா, எல்லாரையும் கேட்டீங்க. உங்க ஊரு எது? அங்க பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

"ஆயர் ஈத்தாம். அங்க என்னம்மா இருக்கு? பூச்சட்டிக் கடையும் பலகாரக் கடையும்தான்" என்றேன்.

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நிகழ்ச்சியை முடித்தேன். ஆனால் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு மனத்தை உறுத்தியது. பத்துமலைக்கு 272 படிகள், முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், திறந்தது 2006 ஜனவரி என்று ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, என் பாட்டி விளக்கேற்றிய தோட்டத்துக் கோயில் எந்த ஆண்டு எழுந்தது என்று தெரியாது. அதைச் சுற்றியிருந்த மரங்களின் பெயரும் தெரியாது.

அந்த மாணவிக்கு மறுவாரம் அரங்கில் நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன்.

கறுப்புத் தண்ணீர்

முதலில் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குவோம். மலாய் மொழியில் 'ஆயர் ஈத்தாம்' என்றால் கறுப்புத் தண்ணீர். மேற்கு ஜொகூரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சதுப்புக் காடு. அங்கே உதிரும் இலையும் கிளையும் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதால் காற்றுப்படாமல், முழுவதும் மட்கிப் போகாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தன. இந்த மண்ணை மலாய்க்காரர்கள் 'தானா கம்புட்' என்பார்கள். இதனூடே வடிந்து வரும் நீர், தேயிலைச் சாயம் இறங்கியதுபோல் பழுப்பாக இருக்கும். ஆழமான இடத்தில் பார்த்தால் கறுப்பாகத் தெரியும். அழுக்கு நீர் என்று ஒதுக்கிவிடக்கூடாது. காடு கரைத்துக் கொடுத்த நிறம் அது.

விவசாயத்திற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால், இந்த மண் காய்ந்து சுருங்கி, ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே போகும். காய்ந்தால் தீப்பற்றும், மழை பெய்தால் வெள்ளம் தேங்கும். பழுப்பு நீரும் பன்றிவாலைப்போல் சுருண்ட பெரணிக் கொழுந்தும் நிறைந்த அந்தக் காட்டில் பெரும்பகுதி இன்று செம்பனையாகவும் அன்னாசியாகவும் மாறிவிட்டது. ஊரின் பெயர் மட்டும் பழைய காட்டுக்குச் சாட்சியாக நிற்கிறது.

இரண்டாவது, இது ஒரு நாற்சந்தி. சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் இணைக்கும் பழைய முதலாம் எண் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போகும் 50ஆம் எண் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை, தெற்கே போகும் பேருந்துகள் பலவும் எங்கள் ஊரில் நின்று, பயணிகள் தேநீர் குடித்துவிட்டுத்தான் புறப்பட்டன. பூச்சட்டிக் கடைகளும் பலகாரக் கடைகளும் அந்தக் காலத்துச் சொத்து. எல்லாரும் நின்ற ஊர். ஆனால் யாரும் பார்க்க வந்த ஊரில்லை. உள்ளூர்க்காரர்களான நாங்களும் அந்தக் கண்ணோடுதான் எங்கள் ஊரைப் பார்த்தோம்.

சரி, இந்த நாற்சந்தியிலிருந்து கிழக்கே திரும்பி, 50ஆம் எண் சாலையில் போவோம் வாருங்கள்.

காட்டோரத்தில் ஒரு கல்

இன்று இந்தச் சாலையின் இருபுறமும் செம்பனைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் வந்தது. 1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவரை ரயில் பாதை போடப்பட்ட பின்பு உட்பகுதி திறந்துகொண்டது. தோட்டங்கள் அடுத்தடுத்து எழுந்தன. அவற்றில் உழைக்க நம்மவர்கள் வந்தனர். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணிகள் தங்கள் ஊர், தங்கள் உறவு என்று ஆள் திரட்டி அழைத்து வந்தனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கு வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாம். 1938இல் இந்திய அரசு இந்த ஆளனுப்பும் முறையைத் தடை செய்யும் வரை இந்த வரத்து நின்று நின்று தொடர்ந்தது.

வந்தவர்கள் முதலில் கண்டது காட்டை. புலியும் பாம்பும் மலேரியாக் காய்ச்சலும் உள்ள காடு. மரத்தை வெட்டிச் சாய்க்கும்போது ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் அது அரசாகவோ ஆலாகவோ அந்த இனத்தைச் சேர்ந்த காட்டு மரமாகவோ இருக்கும். அதன் அடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, முனியாண்டி என்றார்கள். வீட்டு லயங்களுக்கு நடுவில் மாரியம்மனுக்குக் கோயில். தோட்டத்தின் எல்லையில், காடு தொடங்கும் இடத்தில் முனியாண்டிக்குக் கல். ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் இந்த அமைப்பைக் காணலாம். தாய் வீட்டுக்குள்; காவல்காரர் வேலியோரத்தில்.

இதிலுள்ள நுட்பம் ஒன்றைக் கவனியுங்கள். கோயில் கட்டக் காடு அழிக்கப்படவில்லை. காடு அழிக்கப்பட்டபோது மிஞ்சிய ஒரு துண்டுதான் கோயிலாயிற்று. சாமி மரம் என்பதால் கிராணியோ கங்காணியோ அதில் கை வைக்கமாட்டார்கள். நிர்வாகத்து வெள்ளைக்காரத் துரையும் பெரும்பாலும் விட்டுவிடுவார். பல தோட்டங்களில் பழைய காட்டிலிருந்து எஞ்சிய ஒரே மரம் முனியாண்டியின் மரம்தான்.

என் பாட்டியின் தோட்டத்திலும் அப்படியொரு மரம் இருந்தது. பெரட்டுக்குப் போகுமுன், இருட்டிலேயே, ஒரு கற்பூரத்தை அங்கே காட்டிவிட்டுத்தான் பாட்டி மரம் வெட்டப் போவாராம். சித்திரையில் பொங்கல் வைப்பார்கள். சின்னப் பிள்ளையாக அந்தப் பொங்கலுக்கு நானும் போயிருக்கிறேன். பகலில் அந்த மரத்தில் ஒரே பறவைச் சத்தமாக இருக்கும். அந்தி சாய்ந்தால் வௌவால்கள் வரும். "சத்தம் போடாதே, சாமி கேட்டுக்கிட்டு இருக்கு" என்பார் பாட்டி.

1990களின் இறுதியில் தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகின, குடும்பங்கள் ஊர்ப்புறக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன. மாரியம்மனைப் புதிய இடத்துக்குக் கொண்டு வந்து, தகரக் கூரை போட்டு, பின்னர் கும்பாபிஷேகமும் செய்தார்கள். முனியாண்டி அங்கேயே இருந்துவிட்டார். மரத்தை ஒருநாள் வெட்டிவிட்டார்கள். எவர் உத்தரவு, என்றைக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கல் மட்டும் இன்றும் செம்பனை வரிசைகளுக்கிடையே இருக்கிறது.

"எந்த ஆண்டு?"

அந்த மாணவி கேட்ட மறுநாள், ஊருக்குப் போய்க் கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவர்களைத் தேடிப் பிடித்தேன். "ஐயா, நம்ம கோயிலு எந்த வருஷம் கட்டினது?"

"அதெல்லாம் யாருக்கும்மா தெரியும்? நாங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

வரவு செலவும் வரலாறும் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்ததாம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் அது போய்விட்டது. அந்த வெள்ளத்தைப் பத்து பகாட், குளுவாங், கோத்தா திங்கி வட்டாரத்தார் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களிடம் 'நோட்டுப் புத்தகத்தை ஏன் எடுக்கவில்லை?' என்று கேட்க முடியுமா?

கோயில் மணியைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்ததும் எழுத்துகள் தெரிந்தன. உபயம் என்ற சொல் புரிந்தது. பெயர் பாதி தேய்ந்துவிட்டது. ஆண்டில் '19' என்ற இரண்டு எண்கள் மட்டும் மிச்சம். அடுத்த இரண்டும் பல்லாயிரம் பூசைகளில் தேய்ந்து போயிருந்தன.

பிறகு, தொண்ணூறைத் தொட்ட ஒரு தாத்தாவைச் சந்தித்தேன். அவருக்கு ஆண்டுக் கணக்குத் தெரியாது. ஆனால் வேறொரு கணக்கு வைத்திருந்தார். "எங்கப்பா தோள்ல உட்கார்ந்து அந்தக் கோயில்ல தீமிதி பார்த்தேன். அதுக்கப்புறம்தான் ஜப்பான்காரன் வந்தான். அப்பாவைச் சயாமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். அவரு திரும்பல."

ஜப்பானியப் படை 1942 ஜனவரியில் ஜொகூரைக் கடந்தது. சயாம்-பர்மா மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரம். அந்த 415 கிலோமீட்டர் பாதையோரம் புதைந்தவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. ஆகவே அந்தத் தாத்தாவின் ஒரு வாக்கியத்திலிருந்து எங்கள் கோயில் 1942க்கு முந்தியது என்று உறுதியாயிற்று. அதற்கும் மேலாக, திரும்பி வராத ஒரு தகப்பனின் கதையும் கிடைத்தது. அவர் இன்னும் ஐந்து ஆண்டு கழித்துச் சொல்லியிருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

இதே முறையில் நீங்களும் கேட்கலாம். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பெரியவர்கள் கை விரிப்பார்கள். "ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னயா, பின்னயா? அவசரகாலத்தில லயத்தைச் சுத்திக் கம்பி வேலி போட்டாங்களே, அப்ப கோயில் உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா? சுதந்திரத்துக்குத் தோட்டத்தில விருந்து வச்சாங்களா?" என்று கேளுங்கள். அவசரகாலம் 1948 முதல் 1960 வரை, சுதந்திரம் 1957. சம்பவத்தைப் பிடித்தால் ஆண்டு தானாக வந்துவிடும்.

வௌவால் ஊர்

மீண்டும் சாலைக்கு வருவோம். ஆயர் ஈத்தாமுக்குக் கிழக்கே முதல் பெரிய ஊர் குளுவாங். 'குளுவாங்' என்பது பழந்தின்னி வௌவாலுக்கு மலாய்ப் பெயர். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கும் அதிகமாக வரும் பெரிய வௌவால். அவை கூட்டம் கூட்டமாகப் பறந்ததால் ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். இன்று குளுவாங்குக்கு வருகிறவர்கள் ரயில் நிலையத்துக் காப்பியைக் குடித்துவிட்டு, வௌவால் சிலைக்கு முன் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சிலை இருக்கிறது, கூட்டம் கூட்டமாய்ப் பறந்த வௌவால்கள் இல்லை.

வௌவால் போனால் என்ன நட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்த 50ஆம் எண் சாலை வழியே கிழக்குக் கரைக்குப் போய், மெர்சிங்கில் படகேறினால் தியோமான் தீவு. அங்கே டுரியான் மரங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. இரவில் மலரும் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதில் பழந்தின்னி வௌவால்களுக்குப் பெரும் பங்குண்டு என்று அது காட்டியது. வௌவால் இல்லையேல் டுரியான் குறையும் என்று சொன்னால்தான் நம்மவர்களுக்கு விளங்கும்!

அந்த வௌவால்கள் விரும்பித் தின்னும் பழங்களில் ஆல், அரசு, அத்தி இனத்தின் பழமும் உண்டு. காட்டில் மற்ற மரங்கள் பருவத்துக்குப் பருவம்தான் காய்க்கும். அத்தி இன மரங்களோ ஏதாவது ஒன்று எந்த மாதத்திலும் பழுத்திருக்கும். அதனால் இருவாய்ச்சியும் குரங்கும் வௌவாலும் பஞ்ச காலத்தில் அவற்றை நம்பித்தான் பிழைக்கின்றன. நம் முன்னோர் சாமி மரம் என்று விட்டுவைத்தது எந்த மரத்தை? அதே மரத்தைத்தான். அவர்கள் தாவரவியல் படித்தவர்களில்லை. ஆயினும் அவர்களுடைய பயபக்தி, ஒரு தோட்டத்துக்கு ஓர் அன்னச்சத்திரத்தை மிச்சம் வைத்தது. பாட்டியின் மரத்தில் அந்தியில் வந்த வௌவால்களின் பொருள் எனக்கு முப்பது வயதுக்குமேல்தான் புரிந்தது.

குளுவாங்கில் 510 மீட்டர் உயரமுள்ள லம்பாக் மலை இருக்கிறது. காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்கிவிடலாம். பிள்ளைகளை அழைத்துப் போகலாம். உச்சியிலிருந்து பார்த்தால், காடு எது, தோட்டம் எது என்று ஒரே பார்வையில் விளங்கும். வரிசை வரிசையாக இருப்பது செம்பனை. ஒழுங்கில்லாமல் அடர்ந்திருப்பது காடு.

எழுதி வைத்ததால் பிழைத்த காடு

குளுவாங்கைத் தாண்டினால் கஹாங். அங்கிருந்து செம்மண் பாதையில் 50 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனால் கம்போங் பெத்தா. ஜக்கூன் பூர்வகுடி மக்களின் கிராமம். என்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல் அதுதான். பாறைகளில் குழி குழியாக நீர் குடைந்த உப்பே கூலிங் அருவியும், காட்டுக்குள் நெடுநேரம் நடந்தால் புவாயா சங்குட் அருவியும் அங்கே உண்டு. ஆற்று நீரைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெயர் நினைவுக்கு வரும், தேயிலை நிறம்.

இந்தக் காடு தப்பிய கதையைத் தோட்டத்துக் கோயில் நிர்வாகங்கள் ஒவ்வொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1977இல் இந்தக் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டது. இயற்கைச் சங்கத்தாரும் பொதுமக்களும் பத்திரிகைகளும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். கடிதங்கள் குவிந்தன. வெட்டு நின்றது. ஆனாலும், 'அப்படி என்ன இருக்கிறது அந்தக் காட்டில்?' என்ற கேள்வி அப்படியே இருந்தது. அதற்கு விடை காண 1985, 1986ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கம் ஓர் ஆய்வுப் பயணத்தை நடத்தியது. விஞ்ஞானிகளும் தொண்டர்களும் காட்டுக்குள் தங்கி, செடி, கொடி, மீன், பறவை, விலங்கு என்று ஒவ்வொன்றாகக் குறித்தனர். விசிறிப் பனை ஒன்றுக்கு 1987இல் என்டாவ் பெயரையே அறிவியல் பெயராகச் சூட்டினர். 1993இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கூச்சல் வெட்டை நிறுத்தியது; பட்டியல்தான் காட்டைக் காப்பாற்றியது. இரண்டும் தேவை. ஆனால் இரண்டாவதைச் செய்ய நம்மவர்களுக்குப் பொறுமை குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பட்டியலும் காலத்தில் வரவேண்டும். அந்த ஆய்வு நடந்தபோது சுமத்ரா காண்டாமிருகத்தின் கடைசிப் புகலிடங்களில் ஒன்றாக என்டாவ்-ரொம்பின் இருந்தது. 2015இல் மலேசியக் காடுகளில் அந்த விலங்கு இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினர். பாதுகாப்பில் வளர்க்கப்பட்ட கடைசிப் பெண் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. கதை கேட்கப் போகுமுன் தாத்தா போய்விடுவதும் இதுவும் ஒரே வகை இழப்புதான்.

பத்துமலையும் இதற்கு எடுத்துக்காட்டு. 1891இல் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனை எழுந்தருளச் செய்ததும், 1892இல் முதல் தைப்பூசம் நடந்ததும் நமக்கு ஆண்டோடு தெரிகிறது. அந்தச் சுண்ணாம்புக் குன்றின் அரிய சிலந்தியையும் குகை உயிர்களையும் விஞ்ஞானிகள் எழுதி வைத்தார்கள். ஒரு பக்கம் பக்தர்கள், மறுபக்கம் இயற்கை ஆர்வலர்கள் என்று இருவருக்கும் அந்தக் குன்று வேண்டியிருந்தது. நெடுங்காலம் குன்றின் பக்கவாட்டைக் குடைந்த கல்லுடைப்பு 1980களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. சாமி இருந்ததாலும் சிலந்தி இருந்ததாலும் மலை நின்றது.

ஆவணம் எங்கே என்பார்கள்

இது வெறும் ஏக்கப் பேச்சென்று யாரும் தள்ளிவிடக் கூடாது. 2025 மார்ச் மாதம் கோலாலம்பூர், ஜாலான் மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய இடம் குறித்து எழுந்த விவாதத்தைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 130 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஆலயத்தை அருகிலேயே வேறோர் இடத்துக்கு மாற்றுவது என்று பேசித் தீர்க்கப்பட்டது. தலைநகரத்தின் நடுவில் இருந்த ஆலயத்துக்கே நிலம் யாருடையது, எப்போது வந்தது என்ற கேள்விகள் எழுந்தன. அதுவாவது பலரும் அறிந்த ஆலயம். செம்பனைக்கு நடுவில் இருக்கும் கல்லுக்கு யார் பேசுவார்கள்?

தோட்டத்து நிலம் அன்றும் நிறுவனத்துடையது, இன்றும் நிறுவனத்துடையது. கோயில் கட்ட வாய்மொழியாகத் துரை கொடுத்த அனுமதிக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை என்பது வழக்கறிஞர்கள் சொல்லவேண்டிய செய்தி. ஆனால் ஒரு பழைய புகைப்படமும், ஆண்டு தெரியும் ஒரு திருவிழா அழைப்பிதழும், நேரில் கண்ட பெரியவரின் கையெழுத்திட்ட வாக்குமூலமும் இருந்தால், பேச்சு வார்த்தை மேசையில் நம் குரலுக்கு ஒரு கனம் வரும். வெறுங்கையோடு போனால் கோபம் மட்டும்தான் மிச்சம்.

மஞ்சள் அம்பு

முடிக்குமுன் ஒரு வெளிநாட்டுச் செய்தி. ஸ்பெயின் நாட்டின் வடமேற்கில் சாந்தியாகோ என்ற ஊர். அங்கே இயேசுவின் சீடரான யாக்கோபின் கல்லறை உள்ளதென்று நம்பி, ஐரோப்பியக் கிறிஸ்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கால்நடையாக யாத்திரை போனார்கள். பிரனீஸ் மலைத்தொடரிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர். நம் பழனிப் பாதயாத்திரை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அந்த வழக்கம் மங்கிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான் போனார்கள். வழியே மறந்து போயிற்று. வழியோரக் கிராமங்களில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, சிறிய தேவாலயங்கள் பூட்டிக் கிடந்தன. நம் லயங்களின் கதைதான்.

செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பாதிரியார் எலியாஸ் வலிஞா. அவர் மாநாடு கூட்டவில்லை. சாலைப் பணியில் மிஞ்சிய மஞ்சள் சாயத்தை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, 1984இல் மலைத்தொடரிலிருந்து தொடங்கி, வழி நெடுக மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி வரைந்தார். அவ்வளவுதான். வழி தெரிந்ததும் ஆட்கள் வந்தனர். ஆட்கள் வந்ததும் கிராமத்தில் கடை திறந்தது, சத்திரம் திறந்தது, பூட்டிய தேவாலயத்தில் விளக்கு எரிந்தது. 1993இல் யுனெஸ்கோ அந்த யாத்திரை வழியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாதிரியார் 1989லேயே காலமாகிவிட்டார்; அதைப் பார்க்கவில்லை. 2024இல் யாத்திரையை முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

நம் தோட்டத்துக் கோயில்களுக்கு ஐந்து லட்சம் பேர் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தோட்டத்திலிருந்து பிரிந்து, இன்று ஷா ஆலாமிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஐம்பது குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். அதற்கும் ஓர் அம்புக்குறி வேண்டுமல்லவா?

ஆகவே என் வேண்டுகோள் எளிமையானது. வரும் விடுமுறையில் பத்துமலைக்குப் போங்கள். ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயிலையும் பாருங்கள். 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் ஆலயம்தான் 2009இல் கண்ணாடியால் மிளிர்ந்தது. ஆனால் போகும் வழியில் உங்கள் தாத்தா பாட்டியின் தோட்டத்துக்கும் ஒருமுறை திரும்புங்கள். இன்றைய நிலத்துக்காரரிடம் முறையாக அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள். சாமியைக் கும்பிடுங்கள். மணியில், விளக்கில், படிக்கல்லில் எழுத்திருந்தால் படம் எடுங்கள். பக்கத்தில் நிற்கும் மரத்தையும் எடுங்கள். அதன் பெயரைக் கேளுங்கள். ஊரில் இருக்கும் மூத்தவர் ஒருவரைக் கைப்பேசியில் அரை மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். அதை ஒரு தாளில் எழுதி, மூன்று படி எடுத்து, மூன்று வீட்டில் வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் வந்தாலும் மற்ற இரண்டில் இருக்கும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். போன மாதம், நிலத்துக்காரரின் அனுமதியோடு, உறவினர் நால்வராகப் போய் அந்தக் கல்லைச் சுத்தம் செய்தோம். வெட்டிய மரத்தின் வேரிலிருந்து ஒரு தளிர் வந்திருந்தது. அதைச் சுற்றிக் குச்சி நட்டு வேலி கட்டினோம். ஒரு தகரப் பலகையில் மஞ்சள் சாயத்தால் எழுதி வைத்தோம்: 'முனியாண்டி ஆலயம். 1942க்கு முன்னர் எழுந்தது.' தாத்தாவையும் அழைத்துப் போயிருந்தோம். பலகையைப் படித்துக் காட்டினேன். "இன்னும் முன்னாடிம்மா" என்றார்.

மீதிக் கதையைக் கேட்க அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறேன். அந்த மாணவியும் தன் பெற்றோரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.